இலங்கையில் திமிங்கலம் பார்க்க: மாதம், ஊர், படகு தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பட்டியலில் சிகிரியா, கண்டி, நுவரெலியாவோடு இப்போது திமிங்கலமும் சேர்ந்துவிட்டது. நல்ல விஷயம்தான். பூமியிலேயே மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கலத்தை ஒரு காலைப்பொழுதில் படகில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கரை திரும்பக்கூடிய இடங்கள் உலகத்தில் அதிகமில்லை. அதில் ஒன்று சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானத் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலானவர்கள் படகைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. தங்கியிருக்கும் விடுதியில் கேட்பார்கள், அவர்கள் யாரையோ போனில் கூப்பிடுவார்கள், மறுநாள் விடிகாலை ஆட்டோ வரும், அவ்வளவுதான். அதில் நல்ல படகும் அமையலாம், மிக மோசமான படகும் அமையலாம். ஒரே நாளில், ஒரே கடலில், ஒரே திமிங்கலத்தைப் பார்க்கப் போன இரண்டு படகுகளில் ஒன்று தூரத்திலேயே எஞ்சினைத் தணித்துக் காத்திருக்கும், அது மூச்சு விடுகிற சத்தம் எல்லோர் காதிலும் விழும். இன்னொன்று முதுகு தெரிகிற பக்கமெல்லாம் முழு வேகத்தில் ஓடும், டீசல் புகையும் கூச்சலுமாக நெருங்குவதற்குள் அது மூழ்கிவிடும், பாதிப் பேர் வாந்தியோடு திரும்புவார்கள். இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முதல் வகைப் படகில் ஏறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மாதம், அப்புறம்தான் ஊர்

வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் மற்ற கடல்களில் இருக்கும் தங்கள் இனத்தைப் போல உணவுக்காகத் துருவக் கடல் வரை போவதில்லை, வருடம் முழுக்க இந்த வெப்பக் கடல்களிலேயே சுற்றுகின்றன. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இவற்றைப் பற்றிப் பல வருடங்களாக ஆய்வு செய்து வருகிறார். மற்ற இடங்களில் நீலத் திமிங்கலத்தின் உணவு கிரில் என்ற இறால் போன்ற சின்ன உயிரி என்றால், இங்கே அவை ஒரு வகைச் சின்ன இறாலை அதிகம் தின்கின்றன என்பதும் அவர் குழுவின் ஆய்வில் தெரிந்ததுதான். அவை வருடம் முழுக்க இங்கேயே இருப்பதால், எப்போது போகலாம் என்பதைத் திமிங்கலத்தைவிட அதிகமாகக் காற்றுதான் முடிவு செய்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை, கிழக்குக் கரையில் மழையும் கொந்தளிப்பும். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கரைக்குப் போக வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறைகளோடு பொருத்திப் பார்த்தால் இப்படி வருகிறது. அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை என்றால் தெற்கே மிரிஸ்ஸ. கோடை விடுமுறையில் ஏப்ரல் கடைசி, மே மாதம் என்றால் கிழக்கே திருகோணமலை. பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டாதவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச்சில் மிரிஸ்ஸதான் என்னைக் கேட்டால் முதல் தேர்வு: கடல் அமைதி, கிறிஸ்துமஸ் கூட்டமும் வடிந்திருக்கும். தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் தொடக்கம் இரண்டு கரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற காலம், அப்போது திமிங்கலத்தை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள்.

ஜூலையில் மிரிஸ்ஸ போய் நின்றாலும் "வாங்க, போகலாம்" என்று சொல்ல யாராவது இருக்கக்கூடும். போகாதீர்கள். அந்தக் காற்றில் கடலில் வெள்ளை நுரையும் திமிங்கலம் மூச்சு விடும்போது எழும் நீராவி ஊதலும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும், உடம்பும் கெட்டுவிடும்.

மூன்று ஊர்கள், மூன்று விதமான கடல்

மிரிஸ்ஸ: மாத்தறைக்கும் காலிக்கும் நடுவில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். கொழும்பிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், தெற்கு அதிவேகப் பாதையில் இரண்டரை மணி நேரம். படகுகள் காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பிவிடும் என்பதால் முந்தின இரவே அங்கே அல்லது பக்கத்திலுள்ள வெலிகமவில் தங்கிவிடுவது நல்லது. கொழும்பிலிருந்து நடுராத்திரி கிளம்பித் தூக்கமில்லாமல் படகேறுவதுதான் கடலில் வாந்தி எடுப்பதற்கு நேர்வழி.

இங்கே படகுகள் பெரியவை, பலவற்றில் இரண்டு தளம், கழிவறை, சாய்ந்து உட்கார இருக்கை எல்லாம் உண்டு. குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தெற்கு முனையில் ஆழமில்லாத கரையோரக் கடல் மிகக் குறுகியது, சீக்கிரமே ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது, அதனால்தான் ஆழ்கடல் விலங்கு இவ்வளவு கிட்டத்தில் வருகிறது. குறை என்னவென்றால் கூட்டம். சீசன் உச்சத்தில் ஒரே திமிங்கலத்தைச் சுற்றிப் பல படகுகள் நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மிரிஸ்ஸவுக்குக் கிழக்கே தேவேந்திரமுனை, இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களான பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான தொண்டேச்சரம் இருந்த இடம். அதற்கு நேர் தெற்கே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. திமிங்கலங்கள் இரை தேடுவதும் அதே இடத்தில்தான், கப்பல் மோதிச் சாகிற திமிங்கலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தானாகவே முடிவு செய்தது. உங்கள் படகிலிருந்து பார்த்தால் அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். அந்த நெருக்கடியில் வாழ்கிற விலங்கை நாமும் படகில் விரட்டுவது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். படகு தேர்ந்தெடுப்பதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

திருகோணமலை: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. துறைமுகத்தின் வாயிலிலேயே கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மர ஆய்வுப் படகு இந்தக் கடலில்தான் திமிங்கலங்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தது. அப்புறம் போர் வந்தது, எல்லாம் நின்றது. இல்லாவிட்டால் மிரிஸ்ஸவுக்கு முன்பே திருகோணமலை இதற்குப் பேர் பெற்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

உப்புவெளி, நிலாவெளி கரைகளிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் ஆறேழு பேர் உட்காரும் ஃபைபர் படகுகள். கழிவறை கிடையாது, நிழல் இருந்தால் அதிர்ஷ்டம், அலையில் தூக்கிப் போடும். முதுகுவலி இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இதில் ஏற வேண்டாம். ஆனால் கூட்டம் குறைவு, தண்ணீருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள், படகோட்டி பெரும்பாலும் தமிழில் பேசுவார். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். கடலைத் தெரிந்த மனிதரிடம் நடுவில் ஆள் இல்லாமல் நேராகக் கேள்வி கேட்க முடிவது பெரிய வசதி. படகேற முடியாத பெரியவர்களைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள், சுவாமி மலைப் பாறையின் உச்சியிலிருந்து, கடல் தெளிவாக இருக்கும் காலையில், தூரத்து ஊதல் கண்ணுக்குத் தெரிவதுண்டு. யாழ்ப்பாணம் வழியாக வருகிறவர்களுக்கும் திருகோணமலைதான் வசதி.

கற்பிட்டி: வடமேற்குக் கரையில் இருக்கும் ஊர், டிசம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை. இங்கே முக்கியம் டால்பின்கள்தான், சுழன்று குதிக்கும் ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஸ்பெர்ம் திமிங்கலம் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. நீலத் திமிங்கலம் ஒன்றே குறி என்றால் இங்கே போக வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் துள்ளிக் குதிக்கிற ஏதாவது தெரிய வேண்டும் என்றால் இதுவே மேல்.

என்ன தெரியும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் இருப்பது ட்ரோன் படமோ தண்ணீருக்கடியில் எடுத்த படமோ. அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. கிடைப்பது இதுதான்: முதலில் தூரத்தில் நேராக மேலே எழும் வெள்ளை நீராவித் தூண், ஒன்பது மீட்டர் உயரம் வரைகூட. அப்புறம் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, அது முடியவே முடியாமல் உருண்டுகொண்டே போகும், கடைசியில்தான் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னதாக ஒரு துடுப்பு. நம் அரசுப் பேருந்து இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வரும் நீளம் இது. சில மூச்சு எடுத்துவிட்டு ஆழத்துக்கு இறங்கும். இறங்கும்போது சில திமிங்கலங்கள் வாலைத் தூக்கும், சில தூக்காது. அடுத்த முறை மேலே வரப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகலாம்.

ஸ்பெர்ம் திமிங்கலம் என்றால் ஊதல் நேராக வராது, இடப்பக்கம் சாய்ந்து முன்னோக்கிப் போகும், ஒரு தடவை பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். தோல் சுருங்கிக் கிடக்கும். மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரை காணாமல் போகும். நம் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் அம்பர்கிரிஸ் இதன் குடலில் உருவாவதுதான். கரையில் யாராவது அதை விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள், இந்தியாவில் அதை வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பிரைட்ஸ் திமிங்கலமும் சில நாள் தெரியும், தலைமேல் மூன்று வரப்பு இருந்தால் அதுதான்.

இந்த எதிர்பார்ப்போடு போனால் படகோட்டியை "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று நெருக்க மாட்டீர்கள். படகுகள் துரத்துவதற்குப் பாதிக் காரணம் பயணிகளின் அந்த நெருக்கடிதான்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் கேளுங்கள், எழுத்தில் பதில் இருக்கும்.

முதல் கேள்வி: திமிங்கலம் தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? இலங்கையில் 2012இல் வந்த விதிப்படி 100 மீட்டருக்குள் படகை நெருக்கக் கூடாது. இந்த எண் உடனே வந்தால் நல்லது. "ரொம்பக் கிட்டப் போவோம், தொடலாம் போல இருக்கும்" என்று பதில் வந்தால் அவர் போன் நம்பரை அழித்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். "கூட நீந்தவும் ஏற்பாடு செய்வோம்" என்றால் கண்டிப்பாக வேண்டாம், அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது சட்டத்துக்குப் புறம்பு, உயிருக்கும் ஆபத்து.

இரண்டாவது, படகில் எத்தனை பேர் உட்காரலாம், அன்றைக்கு எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஓரத்தில் நிற்க இடத்துக்கு அடிதடிதான். கொள்ளளவில் பாதி, முக்கால் பங்கோடு கிளம்பும் படகுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். மூன்றாவது, குழந்தைகள் அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழன்றுவிடும், ஒப்புக்கு மாட்டுவதில் அர்த்தமில்லை. அங்கியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். நான்காவது, பதிவு செய்த படகா, காப்பீடு இருக்கிறதா, கிளம்பும் முன் பயணிகள் பெயர் எழுதிக் கொடுக்கிறார்களா? முறையாக நடத்துபவர்கள் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள், கேட்டால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்விதான் நான் மிக முக்கியமாக நினைப்பது: படகில் விளக்கிச் சொல்ல ஆள் உண்டா, பார்த்த திமிங்கலங்களைக் குறிப்பெடுத்து வைக்கிறீர்களா? நேரம், இடம், வால் படம் என்று பதிவு வைக்கிற படகுக்காரர்கள் திமிங்கலத்தை ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்து பழகியவர்கள். அப்படிப்பட்டவர்கள் அதை விரட்டுவது அபூர்வம்.

திருகோணமலையில் என்றால் இத்தனை முறையாகக் கேட்க வேண்டியதில்லை, கரையில் போய் நின்று "அண்ணா, நேத்து கடல் எப்படி இருந்துச்சு, எத்தனை படகு போச்சு, என்ன பார்த்தீங்க" என்று பேச்சுக் கொடுத்தாலே போதும். நேற்று ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லுகிற மனிதரோடு போங்கள். தினமும் கண்டிப்பாகத் தெரியும் என்று சத்தியம் பண்ணுகிறவரோடு வேண்டாம்.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது

ஐந்து நட்சத்திரம், ஒரு நட்சத்திரம் இரண்டையும் தள்ளி வையுங்கள். ஐந்து கொடுத்தவர் திமிங்கலத்தைப் பார்த்தவர், ஒன்று கொடுத்தவர் பார்க்காதவர், பெரும்பாலும் அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இரண்டு, மூன்று நட்சத்திரத்தில்தான் சங்கதி இருக்கும்: எத்தனை படகுகள் சூழ்ந்தன, எஞ்சினை நிறுத்தினார்களா, அங்கியைக் கட்டாயப்படுத்தினார்களா. நீங்கள் போகிற அதே மாதத்தில் எழுதியதை மட்டும் பாருங்கள். பிப்ரவரிப் பாராட்டு மே மாதத்துக்கு உதவாது.

காசு, திருப்பித் தருவது

திமிங்கலம் தெரியாவிட்டால் பணம் திருப்பித் தருவோம் என்பதும், இன்னொரு நாள் இலவசமாக வரலாம் என்பதும் ஒன்றல்ல. பலர் சொல்வது இரண்டாவதைத்தான். மறுநாள் நீங்கள் எல்ல என்ற மலையூருக்குப் போய்விட்டால் அந்தச் சலுகைக்கு மதிப்பே இல்லை, அதனால் மிரிஸ்ஸவில் இரண்டு இரவு தங்கும்படி திட்டம் போட்டு, முதல் நாள் காலையிலேயே படகு ஏறுங்கள். காற்று மோசமாகிப் பயணம் ரத்தானாலும் மறுநாள் கையில் இருக்கும்.

டால்பின் தெரிந்தாலே "பார்த்தாகிவிட்டது" என்று கணக்கு வைக்கிறார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். விடுதி மூலமாகப் பதிவு செய்தால் அவர்கள் பங்கும் அதில் சேரும், நேராகப் பேசினால் குறையலாம். எல்லாவற்றிலும் மலிவான படகை மட்டும் எடுக்காதீர்கள். குறைந்த காசுக்கு ஓட்டுகிறவர் நேரத்தையும் டீசலையும் மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார், பொறுமையாகக் காத்திருக்க அவருக்குக் கட்டுப்படியாகாது.

முந்தின நாள்

விண்டி மாதிரி ஒரு செயலியில் அலை உயரமும் காற்றும் பாருங்கள். காலையில் காற்று 10 நாட் (knot, அதாவது மணிக்கு 10 கடல் மைல்) வேகத்துக்குக் கீழே, அலை ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் அருமையான நாள். 15 நாட் வேகத்தைத் தாண்டினால் வேறொரு நாளுக்கு மாற்றிக் கேளுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள், இதுவரை கடலில் போகாதவர்கள் எல்லோரும் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. அவோமின், ஸ்டுஜெரான் போன்றவை வழக்கமாகக் கொடுப்பது. எது, எவ்வளவு என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் கொடுக்கவே கூடாது. முக்கியம் நேரம்தான்: படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பலனில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தூக்கம் வரும், பரவாயில்லை.

இரவில் கொத்து ரொட்டியைப் பிடி பிடியென்று பிடிக்காமல் சாதாரணமாகச் சாப்பிடுங்கள். காலையில் வெறும் வயிறும் கூடாது, வாழைப்பழம், பிஸ்கட், இரண்டு இட்லி அளவு போதும். இஞ்சி மரப்பா ஊரிலிருந்தே கொண்டு போங்கள். கயிறு கட்டிய தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை, போனுக்குத் தண்ணீர் புகாத உறை. குப்பை எதையும் கடலில் விடாதீர்கள், சிப்ஸ் பாக்கெட் காற்றில் பறந்தாலும் அது நம் குப்பைதான்.

படகில்

வயிறு பயமாக இருந்தால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக உட்காருங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்தில் தூரம் தெரியும், ஆட்டமும் அதிகம். எஞ்சின் புகை வருகிற பக்கம் வேண்டாம். தலை சுற்றினால் போனைப் பையில் போட்டுவிட்டு அடிவானத்தையே பாருங்கள்.

அங்கியைக் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் தெரிகிறது என்று எல்லோரும் அந்தப் பக்கமே ஓடினால் படகு சாயும், பணியாள் சொல்கிறபடி நில்லுங்கள். "இரண்டு மணி" என்று கத்தினால் படகின் முன்முனையைக் கடிகாரத்தின் பன்னிரண்டாக வைத்துக்கொண்டு வலப்பக்கம் முன்னால் பார்க்க வேண்டும்.

நல்ல ஓட்டுநர் பக்கவாட்டில், அது போகிற திசையிலேயே, அதன் வேகத்துக்கு மேல் போகாமல் வருவார். நேர் எதிரே போய் மறிப்பதும், பின்னாலிருந்து துரத்துவதும், மற்ற படகுகளோடு சேர்ந்து வளையம் போடுவதும் தவறு. தாயும் குட்டியுமாக இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அது மூழ்கிவிட்டால் அதே இடத்தில் எஞ்சினைத் தணித்துக் காத்திருப்பதுதான் முறை.

உங்கள் படகு துரத்த ஆரம்பித்தால் பேசுங்கள். "எங்களுக்கு அவசரமில்லை, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால் ஓட்டுநர்கள் கேட்பார்கள், பலருக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும், ஏனென்றால் கிட்டப் போகாவிட்டால் பயணிகள் குறை சொல்வார்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் விரட்டுகிறார்கள்.

முதல் முறை மேலே வரும்போது போட்டோ எடுக்காமல் சும்மா பாருங்கள். இரண்டாவது முறை எடுக்கலாம், போனில் என்றால் வீடியோவே மேல். 200 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் வாலைக் குறி வையுங்கள். அந்த விளிம்பும் வடுக்களும் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் வேறு வேறு. தெளிவான வால் படம் கிடைத்தால் தேதியும் இடமும் சேர்த்துப் படகின் வழிகாட்டியிடம் கொடுங்கள், அவர்கள் பதிவில் சேரும்.

கரைக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விமர்சனம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், தேடிப் படிக்க நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திமிங்கலம் தெரிந்ததா என்பதோடு நிறுத்தாமல் எந்த மாதம் போனீர்கள், எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்தினார்கள், சுற்றிலும் எத்தனை படகுகள் இருந்தன, குழந்தைகளுக்கு அங்கி சரியாக இருந்ததா என்று நான்கு வரி போடுங்கள். பொறுமையாக ஓட்டின ஆளைப் பேர் சொல்லிப் பாராட்டுங்கள், அடுத்து வருகிறவர்கள் அவரைத் தேடிப் போவார்கள்.